நடக்காத சண்டைக்குத் தீர்ப்பு எழுதுவது யார்?

டைசனும் அலியும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

சிரிக்காதீர்கள் தோழர்களே. போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது இரண்டு மாணவர்கள் இந்தக் கேள்விக்காகக் கைகலப்பு வரைக்கும் போய்விட்டார்கள். ஒருத்தன் டைசன் கட்சி. "அவன் அடிய எவன்டா தாங்குவான்? ரெண்டே ரவுண்டு, அலி காலி" என்கிறான். இன்னொருத்தன் அலி கட்சி. "ஆளு கைக்குக் கெடச்சாத்தானே அடிப்பான்? அலி ஒரு எடத்துல நிக்கவே மாட்டாரு." முதல் பையன் செல்போனை எடுத்து ஒரு விளையாட்டைக் காட்டினான். அதில் ஒவ்வொரு குத்துச்சண்டை வீரனுக்கும் மார்க் போட்டு வைத்திருக்கிறார்கள். பலத்துக்கு இவ்வளவு, வேகத்துக்கு இவ்வளவு, வித்தைக்கு இவ்வளவு. "கம்ப்யூட்டரே சொல்லுது, பாருங்க தோழர்" என்று என்னிடம் நீட்டினான்.

அதுவரைக்கும் நான் டீயைக் குடித்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். 'கம்ப்யூட்டரே சொல்லுது' என்றதும் இருக்க முடியவில்லை. இதே வார்த்தையை வைத்து ஐம்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு கறுப்பு வீரனைத் தோற்கடித்த கதை எனக்குத் தெரியும். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது.

இதெல்லாம் வெட்டிப் பேச்சு, நமக்கெதற்கு என்று கேட்கிற தோழர்களும் இருக்கிறார்கள். விளையாட்டைப் பற்றிய பேச்சில்தான் பொதுப்புத்தி தன் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிறது. மேடையில் சமத்துவம் பேசுகிறவன் மைதானத்தில் உட்கார்ந்து என்ன பேசுகிறான் என்று கேட்டுப் பாருங்கள், புரியும்.

1

1967 ஏப்ரல் 28. ஹூஸ்டன் நகரம். முகமது அலி வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்க்கையை மறுக்கிறார். அதுவரை 29 சண்டை, 29 வெற்றி. உடனே பட்டம் பிடுங்கப்படுகிறது, உரிமம் பறிக்கப்படுகிறது. இருபத்தைந்து வயது. உடம்பும் காலும் உச்சத்தில் இருந்த நேரம். 1970 அக்டோபர் வரை, மூன்றரை வருடம், அவர் எந்த மேடையிலும் ஏற முடியவில்லை.

அதே 1967-ல் மரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாக் காலத்து ஹெவிவெயிட் வீரர்களையும் கம்ப்யூட்டருக்குள் போட்டு மோதவிட்டால்? பாக்ஸிங் எழுத்தாளர்களிடமும் நிபுணர்களிடமும் கேள்வித்தாள் கொடுத்து, ஒவ்வொரு வீரனின் பலம், வேகம், தாங்கும் சக்தி, வெட்டுக்காயம் படும் தன்மை என்று எண்களாக வாங்கி, கம்ப்யூட்டருக்கு ஊட்டி, வந்த முடிவை நேர்முக வர்ணனை மாதிரி வானொலியில் ஒலிபரப்பினார்கள். பதினாறு வீரர்கள். இறுதியில் ராக்கி மார்சியானோ ஜெயித்தார். அலி என்ன ஆனார்? வழியிலேயே ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றுப்போனதாக அறிவித்தார்கள்.

ஜெஃப்ரிஸ் யார் தெரியுமா? 1899-ல் இருந்து சாம்பியன். பட்டம் கையில் இருக்கும்வரை கறுப்பர் எவனோடும் மோத மாட்டேன் என்று கோடு கிழித்தவர். தோற்காமல் ஓய்வு பெற்றார். 1908-ல் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனதும் வெள்ளை அமெரிக்காவுக்குத் தூக்கம் போயிற்று. ஜெஃப்ரிஸை வீட்டிலிருந்து இழுத்து வந்தார்கள். 'வெள்ளையரின் மாபெரும் நம்பிக்கை' என்று பட்டம் கட்டினார்கள். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். பதினைந்தாவது ரவுண்டில் ஜான்சன் அந்த நம்பிக்கையைத் தரையில் உட்கார வைத்தார். அன்றிரவு பல ஊர்களில் கறுப்பர்கள் மீது வெள்ளைக் கும்பல்கள் பாய்ந்தன. கொலைகள் விழுந்தன. 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஒரு கறுப்பன் ஜெயிப்பதைச் சனங்கள் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆக, நிஜத்தில் கறுப்பு வீரனிடம் அடிவாங்கி விழுந்த அதே ஜெஃப்ரிஸ், ஐம்பத்தேழு வருடம் கழித்து கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கறுப்பு வீரனை ஜெயித்துவிட்டார்! அலிக்குக் கோபம் வராமல் இருக்குமா? பத்து லட்சம் டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். கடைசியில் சமரசம். சுமார் பத்தாயிரம் டாலரும் ஒரு நிபந்தனையும். மார்சியானோவோடு ஒரு படத்தில் மோத வேண்டும்.

1969-ல் மியாமியில் ஒரு ஸ்டூடியோவில் படப்பிடிப்பு நடந்தது. மார்சியானோவுக்கு வயது 45. உடம்பைக் குறைத்து, வழுக்கைக்கு டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்குக் குறையாமல் எடுத்தார்கள். பல முடிவுகளையும் எடுத்தார்கள். எது காட்டப்படும் என்று இருவருக்குமே தெரியாது. மார்சியானோ அதைப் பார்க்கவேயில்லை. 1969 ஆகஸ்ட் 31-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் மீது எனக்கு எந்தக் காழ்ப்பும் கிடையாது. செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன். 49 சண்டை, 49 வெற்றி. யாரும் இனாமாகக் கொடுத்ததில்லை.

1970 ஜனவரி 20. ஒரே ஒரு இரவு தியேட்டர்களில் படம் ஓடியது. பதின்மூன்றாவது ரவுண்டில் அலி நாக்-அவுட்.

பதின்மூன்று என்ற எண்ணைக் கவனியுங்கள். 1952-ல் மார்சியானோ பட்டம் ஜெயித்தது ஜெர்ஸி ஜோ வால்காட் என்ற கறுப்பு சாம்பியனிடமிருந்து. அந்தச் சண்டையிலும் பதின்மூன்றாவது ரவுண்டு நாக்-அவுட்தான். வித்தைக்காரக் கறுப்பன் முன்னணியில் இருப்பான், பலசாலி வெள்ளையன் விடாமல் துரத்தி ஒரே அடியில் முடிப்பான். பழைய கதையையே புதுப் படமாக எடுத்திருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் அலபாமாவில் செய்ததாக இருக்கும் என்று அலி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். நிறவெறிக்குப் பேர்போன மாநிலம் அது.

நினைத்துப் பாருங்கள். நிஜ மேடையில் ஏற விடாமல் கதவைச் சாத்திவிட்டார்கள். பொய் மேடையில் ஏற்றி, ஊர் முழுக்கக் காசு வாங்கிக்கொண்டு, 'பார், இவன் தோற்பான்' என்று காட்டினார்கள். அந்த இரவிலும் அலி தடையில்தான் இருந்தார். 1971-ல்தான் உச்ச நீதிமன்றம் அவர் தண்டனையை ரத்து செய்தது. இந்த ஆருடத்துக்கு என்ன பெயர் வைப்பது? நான் தீர்ப்பு என்கிறேன்.

2

இப்போது 'பலமா, வித்தையா' என்ற பிரிவினைக்கு வருவோம். எனக்கு இந்தப் பிரிவினை மீதே சந்தேகம் உண்டு. காரணம் சொந்த அனுபவம்.

எட்டாம் வகுப்பில் எங்கள் விளையாட்டு வாத்தியார் ஓட்டப் பந்தயத்துக்கு ஆள் எடுத்தார். எங்கள் தெருப் பையன்கள் நாலு பேரை முதலில் கூப்பிட்டார். "நீங்கள்லாம் நல்லா ஓடுவீங்கடா. ஒடம்பு அப்படி. கணக்குத்தான் ஏறாது" என்றார். பாராட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போனோம். அந்தப் பாராட்டுக்குள் இருந்த செருப்படி உறைக்க எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. உழைக்கிறவனுக்கு உடம்பு, உட்கார்ந்திருக்கிறவனுக்கு மூளை. இந்தப் பங்கீட்டைச் செய்தவன் தனக்கு எதை எடுத்துக்கொண்டான் என்று பாருங்கள்.

குத்துச்சண்டையில் இதே பங்கீடுதான். ஜாக் ஜான்சன் ஒரு தற்காப்பு மேதை. எதிராளியின் குத்தைக் காற்றிலேயே பிடித்து நிறுத்துவார். அவசரப்பட மாட்டார். அவருக்கு முன்னால் ஜிம் கார்பெட் என்ற வெள்ளை சாம்பியன் இதே மாதிரி ஒதுங்கி ஒதுங்கி ஆடியபோது பத்திரிகைகள் அதை 'விஞ்ஞானம்' என்றன. ஜான்சன் செய்தபோது 'கோழைத்தனம்' என்றன. சரி, ஒதுங்காமல் முன்னே போய் அடித்தால்? ஜோ லூயிஸ் அடித்தார். 'காட்டு மிருகம்' என்று எழுதினார்கள். ஒதுங்கினால் கோழை, அடித்தால் மிருகம். வித்தைக்காரன் என்ற நாற்காலி காலியாகவே இல்லை.

எங்கள் சித்தப்பா வடசென்னையில் கொஞ்ச காலம் பாக்ஸிங் பழகியவர். 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டபோது போய்ப் பார்த்தவர். அப்போது அலி ஓய்வில் இருந்தார், உடம்பும் போட்டிருந்தது. "இன்னா சித்தப்பா பாத்தீங்க, அந்தக் குத்தா?" என்று சின்ன வயதில் கேட்பேன். "கைய எவன்டா பாத்தான், நான் காலத்தான் பாத்துனு இருந்தேன்" என்பார். "குத்து கையில இல்லடா. கால்ல பொறந்து, இடுப்புல திரும்பி, தோள்ல ஏறி, கடைசியாத்தான் கைக்கு வருது. கையால குத்துறவன் ரெண்டு ரவுண்டுல களைச்சுப் போயிடுவான்."

இதுதான் விஷயம். அடி என்பதே ஒரு வித்தை. ஜோ ஃப்ரேசியரைப் 'பலசாலி' என்ற பெட்டியில் போடுவார்கள். தென் கரோலினாவின் ஏழை விவசாயக் குடும்பம். சாக்குப்பையில் கந்தலும் செங்கல்லும் அடைத்து மரத்தில் கட்டிக் குத்திப் பழகிய பையன். சின்ன வயதில் பன்றி துரத்தி விழுந்து இடது கை அடிபட்டது. வைத்தியத்துக்கு வழியில்லை. கை முழுசாக நீளாமல் வளைந்தே கூடிவிட்டது. பிறகு பிலடெல்பியாவில் இறைச்சிக் கூடத்தில் வேலை செய்தார். அந்த வளைந்த கையைத்தான் உலகின் மிகச் சிறந்த இடது ஹூக்காகச் செதுக்கினார். எதிராளியைவிடக் குள்ளம். அதனால் தலையை ஒரு நிமிடம்கூட ஒரே இடத்தில் வைக்காமல் ஆட்டி ஆட்டி உள்ளே நுழைகிற முறையைப் பழகினார். இதில் மூளை இல்லையா? இது வித்தை இல்லையா? 1971 மார்ச் 8 அன்று பதினைந்தாவது ரவுண்டில் அந்தக் கைதான் அலியைத் தரையில் போட்டது.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தடைக்காலத்தில் தனக்கு உதவிய அதே ஃப்ரேசியரை 1975 மணிலா சண்டைக்கு முன்னால் 'கொரில்லா' என்று ஊர் ஊராகக் கேலி செய்தவர் அலிதான். வெள்ளையன் செய்து வைத்த பெட்டியை எடுத்து இன்னொரு கறுப்பன் தலையில் கவிழ்த்தார். அலி எனக்குப் பிடித்த மனிதர். அதற்காக இதை மறைக்க முடியாது. ஃப்ரேசியர் பல வருடம் இதை மறக்கவில்லை. நாமும் மறக்க வேண்டாம்.

3

அடிக்காரனும் வித்தைக்காரனும் மோதினால் என்ன ஆகும் என்று நிபுணர்கள் சொன்ன ஜோசியமெல்லாம் என்ன ஆயிற்று?

1964. சன்னி லிஸ்டன் எதிர் அப்போது காஷியஸ் கிளே என்ற பெயரில் இருந்த அலி. 46 பத்திரிகையாளர்களில் 43 பேர் லிஸ்டன் ஜெயிப்பார் என்றார்கள். ஆறு ரவுண்டு முடிந்து லிஸ்டன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவேயில்லை. 1974, கின்ஷாசா. ஜார்ஜ் ஃபோர்மன் 40 சண்டையில் தோல்வியே காணாதவர், அதில் 37 நாக்-அவுட். அலி உயிரோடு திரும்பினால் போதும் என்று பேசினார்கள். எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன். 1990, டோக்கியோ. மைக் டைசனுக்கு எதிராக பஸ்டர் டக்ளஸ். பந்தயக் கணக்கு 42-க்கு 1. நீளமான ஜாபை வைத்தே டைசனை எட்ட நிறுத்தி, பத்தாவது ரவுண்டில் முடித்தார் டக்ளஸ்.

அப்படியானால் வித்தைதான் எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்லிவிடலாமா? அதுவும் இல்லை. இந்த முக்கோணத்தைப் பாருங்கள். ஃப்ரேசியர் 1971-ல் அலியை ஜெயித்தார். ஃபோர்மன் 1973-ல் ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் போட்டார். அலி 1974-ல் ஃபோர்மனை ஜெயித்தார். இப்போது மூவரில் யார் மேலே, யார் கீழே? உள்ளே நுழைந்து அடிக்கிற ஃப்ரேசியர், எட்ட நின்று ஆடும் அலிக்குத் தலைவலி. ஆனால் அதே ஃப்ரேசியர் ஃபோர்மனின் கைக்கு நேராக நடந்து போய் மாட்டிக்கொள்கிறார். ஃபோர்மனுக்கோ தன்னிடம் வராத, கயிற்றில் சாய்ந்துகொண்டு தன் மூச்சைக் காலியாக்குகிற ஆளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஏணிப்படி மாதிரி ஒருத்தன் மேல் ஒருத்தனாக மனிதர்களை அடுக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. படிநிலை என்பது அடுக்குகிறவனின் தலைக்குள் இருக்கிறது. மேடையில் இருப்பது உறவு மட்டும்தான். இவனுக்கு அவன் எப்படி, அவனுக்கு இன்னொருத்தன் எப்படி என்பது மட்டும்தான். செல்போனில் மார்க் போட்டவனுக்கு இது தெரியாது. பலம் 90, வித்தை 80 என்று தனித்தனியாகக் கூட்டினால் ஃப்ரேசியர், ஃபோர்மன், அலி மூவரையும் வரிசையாகத்தான் நிறுத்த முடியும். வட்டமாக நிறுத்த முடியாது.

இன்னொன்று. மனுஷன் மாறுவான். கின்ஷாசாவில் ஆத்திரத்தில் கை வீசிக் களைத்துப்போன அதே ஃபோர்மன், இருபது வருடம் கழித்து, 1994-ல், 45 வயதில், மைக்கேல் மூரருக்கு எதிராக நிதானமாகப் புள்ளிகளை இழந்துகொண்டே காத்திருந்து, பத்தாவது ரவுண்டில் ஒரு குட்டையான வலது குத்தில் பட்டத்தைத் திருப்பி வாங்கினார். 'முரடன்' என்று முத்திரை குத்தப்பட்டவன் எவ்வளவு யோசித்திருக்கிறான்!

4

அடுத்த கேள்வி. எத்தனை ரவுண்டு?

இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் முடிவு அதில்தான் இருக்கிறது. 1941-ல் பில்லி கான் என்ற லைட்-ஹெவிவெயிட் ஜோ லூயிஸை எதிர்த்தார். எடையில் லூயிஸ் பல பவுண்டு கூடுதல். கான் வித்தைக்காரர். பன்னிரண்டு ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர் அட்டைகளில் இரண்டில் கான் முன்னால், ஒன்றில் சமம். பதின்மூன்றாவது ரவுண்டில் லூயிஸ் அவரைச் சாய்த்தார். ரவுண்டு முடிய இரண்டு விநாடிதான் பாக்கி. 1952-ல் வால்காட்டும் மூன்று அட்டைகளிலும் முன்னால் இருந்துதான் பதின்மூன்றில் மார்சியானோவிடம் விழுந்தார். 1981-ல் சுகர் ரே லெனார்ட், தாமஸ் ஹெர்ன்ஸ் சண்டை. இது இன்னும் வேடிக்கை. ஹெர்ன்ஸ் அடிக்காரர், லெனார்ட் வித்தைக்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். மேடையில் தலைகீழாயிற்று. ஹெர்ன்ஸ் நீளக் கையை வைத்து அழகாக ஆடிப் புள்ளி சேர்த்தார். வித்தைக்காரரான லெனார்ட்தான் துரத்தித் துரத்தி அடித்து பதினான்காவது ரவுண்டில் முடித்தார். அட்டைகள் மூன்றிலும் அதுவரை ஹெர்ன்ஸ்தான் முன்னால்.

இந்த மூன்று சண்டையும் பதினைந்து ரவுண்டுச் சண்டைகள். 1982-ல் டுக் கூ கிம் என்ற கொரிய வீரர் பதினான்காவது ரவுண்டு அடியில் விழுந்து சில நாளில் இறந்தார். அதன் பிறகுதான் பட்டப் போட்டிகள் படிப்படியாகப் பன்னிரண்டு ரவுண்டுக்குக் குறைந்தன. பன்னிரண்டு ரவுண்டு விதி முன்பே இருந்திருந்தால் கான் சாம்பியன், வால்காட் சாம்பியன், ஹெர்ன்ஸ் சாம்பியன். அதே மனிதர்கள், அதே கைகள், அதே இரவு. ஆனால் சரித்திரம் வேறு. மார்சியானோவின் 49-க்கு 49 என்ற கணக்கே இருந்திருக்காது.

நம்ம மாணவர்கள் தேர்வு, தகுதி, திறமை என்று யாராவது பேசினால் உடனே மலைத்துப் போகிறார்கள். மலைக்காதீர்கள். எத்தனை ரவுண்டு, யார் நடுவர், மணி அடிப்பவன் யார் என்று முதலில் கேளுங்கள். திறமை பொய் என்று நான் சொல்லவில்லை. லூயிஸின் குத்து நிஜம்தான். அந்தக் குத்து எப்போது கணக்கில் வரும் என்பதை விதி முடிவு செய்கிறது. விதியை எழுதுகிறவன் மேடையில் ஏறுவதேயில்லை.

5

கடைசியாக, என்னால் ஜோசியம் சொல்ல முடியாத சண்டைகள்.

ஜாக் டெம்ப்ஸி 1919 முதல் 1926 வரை சாம்பியன். வெள்ளையர்களின் மாபெரும் அடிக்காரர். அவர் சாம்பியனாக இருந்த காலம் பூராவும் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பு வீரர் சவால் விட்டுக்கொண்டேயிருந்தார். 1925-ல் ஒப்பந்தம்கூட எழுதினார்கள். சண்டை நடக்கவேயில்லை. சாம் லாங்ஃபோர்ட் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த கறுப்பர். உயரம் ஐந்தடி ஏழு அங்குலத்துக்கு மேல் இல்லை. லைட்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரைக்கும் எல்லோரோடும் மோதியவர். அடியும் வித்தையும் ஒரே உடம்பில். டெம்ப்ஸியே பின்னாளில் லாங்ஃபோர்டுக்குப் பயந்ததாகத் தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். லாங்ஃபோர்டுக்கு ஹெவிவெயிட் பட்டத்துக்கான ஒரு வாய்ப்புகூடத் தரப்படவில்லை. மோத ஆள் இல்லாமல் வில்ஸும் லாங்ஃபோர்டும் தங்களுக்குள்ளேயே பதினைந்து தடவைக்கு மேல் மோதிக்கொண்டார்கள்! ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அடித்துத்தான் சோறு தின்ன வேண்டியிருந்தது. லாங்ஃபோர்டின் கண் போயிற்று. 1944-ல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது ஹார்லெமில் ஒரு அறையில் பார்வையின்றி, கையில் காசின்றிக் கிடந்தார்.

இதில் ஜாக் ஜான்சனுக்கும் பங்கு உண்டு. 1906-ல் லாங்ஃபோர்டை ஜெயித்த ஜான்சன், சாம்பியன் ஆன பிறகு அவருக்கு மறுவாய்ப்புத் தரவேயில்லை. வெள்ளையரோடு மோதினால்தான் பணம். மேலே ஏறியவன் ஏணியை இழுத்துக்கொண்ட கதை. நமக்குத் தெரியாத கதையா?

1915-ல் ஹவானாவில் ஜான்சன் பட்டத்தை இழந்தார். அடுத்த கறுப்பருக்குப் பட்டப் போட்டி கிடைத்தது 1937-ல், ஜோ லூயிஸுக்கு. இருபத்திரண்டு வருடம். இந்த இருபத்திரண்டு வருடத்தில் நடக்காமல் போன சண்டைகளைக் 'கற்பனைச் சண்டை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவை தடுக்கப்பட்ட சண்டைகள். காலம் வேறாக இருந்ததால் அலியும் மார்சியானோவும் மோத முடியவில்லை, அது இயற்கை. வில்ஸும் டெம்ப்ஸியும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே எடைப் பிரிவில் இருந்தும் மோதவில்லை. அது நிறவெறி. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு 'யார் ஜெயிப்பார்?' என்று விளையாடுவது குற்றத்தைக் கழுவித் துடைக்கிற வேலை.

டெம்ப்ஸி - லாங்ஃபோர்ட், யார் ஜெயித்திருப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால், அந்தச் சண்டை ஏதோ ஒருவிதத்தில் நடந்து முடிந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அது நடக்கவில்லை. அந்தக் கணக்கு பாக்கியாகவே இருக்கட்டும்.

6

மற்றதற்குச் சொல்கிறேன். டீக்கடையில் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், மறுப்பவர்கள் எழுதுங்கள்.

1967 அலியும் 1952 மார்சியானோவும் பதினைந்து ரவுண்டு மோதினால் அலிதான். மார்சியானோவின் கை எட்டும் தூரம் 68 அங்குலம், அலியுடையது 78. பத்து அங்குலத்தைக் கடந்து உள்ளே வருவதற்குள் மார்சியானோவின் முகம் கிழிந்துவிடும். 1954-ல் எஸ்ஸார்ட் சார்லஸிடம் அவர் மூக்கு பிளந்தது நினைவிருக்கட்டும். ஆனால் அலிக்கும் இடது ஹூக் ஒரு சனி. 1963-ல் ஹென்றி கூப்பர் போட்டார், 1971-ல் ஃப்ரேசியர் போட்டார். மார்சியானோவாலும் ஒரு தடவை தரையில் போட முடியும். அலி எழுந்திருப்பார். பத்தாவது ரவுண்டுக்குப் பக்கத்தில் காயத்தைக் காட்டி நடுவர் நிறுத்துவார்.

1988 டைசன், 1967 அலி? மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் முடித்த டைசனை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவரும் 'மிருகம்' இல்லை. கஸ் டமாட்டோ என்ற வாத்தியார் சொல்லிக்கொடுத்த நுட்பமான தற்காப்புக்குள் இருந்து வந்தது அந்த அடி. அந்த நுட்பம் கைவிட்டுப் போன பிறகுதான் டக்ளஸிடம் மாட்டினார். முதல் நாலு ரவுண்டு டைசன் கையில். அதைத் தாண்டினால் அலி கையில். தாண்டுவார் என்பது என் கட்சி. டைசனும் 1973 ஃபோர்மனும் மோதினால் ஃபோர்மன். உள்ளே நுழைகிற குள்ளமான ஆளை ஃபோர்மன் என்ன செய்வார் என்று ஃப்ரேசியர் சண்டையிலேயே பார்த்துவிட்டோம்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் டைசன் கட்சிப் பையன் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கட்சி மாறவில்லை. மாற வேண்டியதும் இல்லை. "சரி தோழர், அந்த மார்க்கை எவன் போட்டான்?" என்று மட்டும் கேட்டான்.

எனக்கு அது போதும். அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன் மூவரும் இன்று இல்லை. அலி முப்பது வருடத்துக்கும் மேல் நடுக்குவாதத்தோடு வாழ்ந்தார். இவர்களுக்கு ஆருடம் சொல்லிச் சம்பாதித்தவன் எவனுக்கும் கை நடுங்கவில்லை. உங்களைப் பற்றியும் நாளை எவனாவது ஒரு தாளை நீட்டி, இவன் இந்தப் படிப்பில் தேற மாட்டான், இந்தப் போராட்டம் ஜெயிக்காது, எண்கள் சொல்லுது என்பான். அந்தப் பையன் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, மேடையில் ஏறுங்கள். அங்கேதான் முடிவு தெரியும்.